ஆட்டிடையன் கட்டிய பாலம்

பத்தாம் வகுப்பு, அ பிரிவு

பாலர் வகுப்பில் நாங்கள் படித்தபோது வயது முதிர்ந்த அருட்சகோதரி ஒருவர் எங்களுக்கு ஒரு பிரெஞ்சுப் பாட்டைச் சொல்லிக் கொடுத்தார். கைகோத்து வட்டமாக நின்று சுற்றிச் சுற்றி ஆடவேண்டும். நடுநடுவே நின்று, துரைமார் எப்படித் தலைகுனிந்து வணங்குவார்கள், சீமாட்டிகள் எப்படி முழங்கால் மடித்து வணங்குவார்கள் என்று செய்து காட்டவேண்டும். ஏதோ ஒரு பாலத்தின்மேல் எல்லாரும் ஆடுகிறார்கள் என்பது மட்டும் எங்களுக்குப் புரிந்தது. அது எந்தப் பாலம், அதைக் கட்டியவர் யார் என்று நாங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, நூலகத்தில் புனிதர் வரலாறு ஒன்றைப் புரட்டியபோதுதான் அந்தப் பாலத்தைக் கட்டியவர் எங்கள் வயதை ஒத்த ஓர் ஆட்டிடையச் சிறுவன் என்று அறிந்தோம். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் இதே பேச்சு. ஆகவே இந்த ஆண்டு மலரில் அவருடைய கதையையே எழுதுவது என்று முடிவு செய்தோம்.

அவர் பெயர் புனித பெனெசே. பெனெதிக்து என்னும் பெயரைத் தென் பிரான்சு மக்கள் தங்கள் பேச்சில் செல்லமாகச் சுருக்கி அழைத்தது அது. பெனெதிக்து என்றால் ஆசீர்வதிக்கப்பட்டவன் என்று பொருள். நம் ஊர்களில் ஆசீர்வாதம் என்று பெயர் வைக்கிறோமே, அதே பெயர்தான். எனவே அவரைச் சின்ன ஆசீர்வாதம் என்று நாம் அழைத்தால் தவறாகாது. அவருடைய திருநாள் ஏப்ரல் 14. தமிழ்ப் புத்தாண்டு என்று பள்ளிக்கு விடுமுறை விட்டுவிடுவதால் அந்த நாளில் அவரை நினைக்க இங்கு ஆள் இல்லாமற் போய்விட்டது போலும்!

பிரான்சு நாட்டின் தென்பகுதியில் ரோன் என்னும் பேராறு ஓடுகிறது. சுவிட்சர்லாந்தில் ஆல்ப்ஸ் மலையின் பனிப்பாறையிலே பிறந்து, ஜெனீவா ஏரிக்குள் புகுந்து வெளிவந்து, ஏறத்தாழ 812 கிலோமீட்டர் ஓடி மத்தியதரைக் கடலில் கலக்கிறது. பனி உருகும் காலத்தில் ஒரு வெள்ளம், இலையுதிர் காலத்து மழையில் இன்னொரு வெள்ளம். போதாக்குறைக்கு வடக்கேயிருந்து மிஸ்திரால் என்னும் குளிர்காற்று பள்ளத்தாக்கு வழியாகப் பாய்ந்து வந்து படகுகளை அலைக்கழிக்கும். இந்த ஆற்றின் இடக்கரையில் ஒரு பாறைக்குன்றின் அடியில் இருக்கும் ஊர்தான் அவிஞ்ஞோன். ஊருக்கு எதிரே ஆறு தீவு ஒன்றைச் சுற்றிக்கொண்டு இரண்டு கிளையாகப் பிரிந்து போகிறது. இத்தாலியிலிருந்து ஸ்பெயினுக்குப் போகும் வணிகரும் திருப்பயணிகளும் அந்த வழியாகத்தான் ஆற்றைக் கடக்கவேண்டியிருந்தது.

பாலம் இல்லாத ஆறு என்றால் என்ன என்பது எங்கள் வகுப்பில் ஒரு தோழிக்கு நன்றாகத் தெரியும். அவள் ஊரிலிருந்து ஓடம் ஏறித்தான் பள்ளிக்கு வரவேண்டும். ஆற்றில் தண்ணீர் பெருகிவிட்டால் ஓடக்காரர் துடுப்பை எடுத்து உள்ளே வைத்துவிடுவார். சென்ற ஆண்டு காலாண்டுத் தேர்வில் இரண்டு பரீட்சைகள் அவளுக்கு அப்படியே போயின. பெனெசேயின் வரலாற்றை நாங்கள் உரக்கப் படித்தபோது மற்றவர்களெல்லாம் அற்புதங்களைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்க, அவள் மட்டும் ஓடக்கூலி எவ்வளவு என்று கேட்டாள். அது எத்தனை சரியான கேள்வி என்பது பின்னால் தெரிந்தது.

பெனெசே 1165-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர் என்பர். ஊர் எது என்பதில் வழக்கு உண்டு. சவோய் மலைநாடு என்று சிலரும், விவாரே பகுதி என்று சிலரும் சொந்தம் கொண்டாடுகிறார்கள். தந்தையைப்பற்றிப் பேச்சே இல்லை. தாயின் ஆடுகளை மேய்ப்பது அவர் வேலை. 1177-ஆம் ஆண்டில், சூரிய கிரகணம் பிடித்த ஒரு நாளில், பட்டப்பகல் இருண்டுபோன வேளையில், வெளியில் ஆடுகளோடு நின்ற அந்தச் சிறுவனுக்கு ஒரு குரல் கேட்டது. மும்முறை அது அழைத்தது. அழைப்பவர் யார் என்று கேட்டதற்குத் தாம் இயேசு கிறிஸ்து என்றும், ஆடுகளை விட்டுவிட்டுப் போய் ரோன் ஆற்றின்மேல் பாலம் கட்டவேண்டும் என்றும் பதில் வந்தது.

இந்த இடத்தில் பெனெசே செய்ததுதான் எங்களுக்கு மிகவும் பிடித்தது. அவர் உடனே உணர்ச்சிவசப்பட்டுக் கிளம்பிவிடவில்லை. ரோன் ஆறு எங்கே இருக்கிறது என்றே தமக்குத் தெரியாது என்றார். தாயின் ஆடுகளை யார் பார்ப்பது என்று கேட்டார். பாலம் கட்டப் பணம் வேண்டுமே, தம்மிடம் மூன்று சல்லிக்காசுகளே உள்ளன என்றார். எல்லாம் நியாயமான கேள்விகள் அன்றோ! ஆடுகளைத் தாமே காப்பதாகவும், வழித்துணைக்கு ஒருவரை அனுப்புவதாகவும் குரல் வாக்களித்தது. அவ்வாறே ஒரு வானதூதர் கையில் கோலும் தோளில் பையுமாகத் திருப்பயணி வேடத்தில் வந்து, அவரை ஆற்றங்கரை வரை கூட்டிவந்து, இதுதான் இடம் என்று காட்டி மறைந்தார்.

கிரகணத்தைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். வரலாற்றில் 1177 என்றே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்தில் தென் பிரான்சில் தெரிந்த பெரிய கிரகணம் 1178 செப்டம்பர் 13 அன்று நிகழ்ந்தது என்று வானநூலார் கணக்கிட்டுச் சொல்கிறார்கள். ஆகவே ஒன்று, எழுதியவர் ஆண்டைத் தவறவிட்டிருக்கவேண்டும்; அல்லது கிரகணம் கதையில் பிற்பாடு வந்து சேர்ந்திருக்கவேண்டும். இதை வைத்து எங்கள் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒரு மதிய இடைவேளை முழுவதும் வாதாடியது. ஆண்டு ஒன்று பிசகினால் என்ன, கிரகணம் உண்மைதானே என்றது ஒரு கட்சி. ஒன்று பிசகினால் மற்றவற்றை எப்படி நம்புவது என்றது மறு கட்சி. மணி அடித்துவிட்டது.

ஆற்றைப் பார்த்த சிறுவன் முதலில் நடுங்கிப்போனான். இத்தனை அகலமான நீரின்மேல் பாலமா? எதிரே தெரிந்த ஊருக்குப் போக ஓடக்காரனிடம் கெஞ்சினான். கடவுளின் பெயராலும் கன்னிமரியின் பெயராலும் அக்கரை சேர்க்கும்படி கேட்டதற்கு, அதெல்லாம் கூலியாகாது என்று அவன் மறுத்துவிட்டான். கடைசியில், கையில் இருந்த மூன்று சல்லிக்காசையும் வாங்கிக்கொண்டுதான் படகில் ஏற்றினான். எங்கள் தோழி கேட்ட கேள்விக்கு இதுவே விடை. ஓடக்கூலி எவ்வளவு என்றால், ஏழையிடம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு. பாலம் கட்ட வந்தவர் தம் மூலதனம் முழுவதையும் முதல் நாளே ஓடத்துக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு ஊருக்குள் நுழைந்தார்.

அன்று அவிஞ்ஞோன் ஆயர் மக்களுக்கு மறையுரை ஆற்றிக்கொண்டிருந்தார். பெனெசே நேரே கூட்டத்தின் நடுவே போய், உரத்த குரலில், தாம் ரோன் ஆற்றின்மேல் பாலம் கட்ட இறைவனால் அனுப்பப்பட்டவர் என்று அறிவித்தார். மறையுரையின் நடுவில்! எங்களில் ஒருத்தி அப்படி எழுந்து பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மதர் அவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கும்போது நன்கு அறிவார்கள். ஆயருக்கும் கோபம் வந்தது. கந்தலுடுத்திய இந்தப் பையனை ஊர் நீதிபதியிடம் அனுப்பினார். அந்த அதிகாரியோ கடுமையானவர். கடவுளாலும் பேதுரு பவுலாலும் சார்லமேன் பேரரசராலும்கூட முடியாத வேலையை இவன் செய்வானாமே என்று நகைத்தார். பிறகு, தம் மாளிகையில் கிடந்த ஒரு பெரிய கல்லைக் காட்டி, அதைத் தூக்கிக்கொண்டு போனால் பாலமும் கட்டுவான் என்று நம்புவதாகச் சவால் விட்டார். முப்பது பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத கல் அது என்கிறது கதை.

பெனெசே முழந்தாளிட்டுச் செபித்தார். எழுந்தார். கல்லைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஆயரும் அதிகாரியும் ஊராரும் பின்தொடர, ஆற்றங்கரைக்கு நடந்துபோய், முதல் தூண் எழவேண்டிய இடத்திலே அதை இறக்கி வைத்தார். ஏளனம் செய்த அதிகாரியே முதல் ஆளாக 300 காசுகளை நன்கொடையாகக் கொடுத்தார். அன்று ஒரே நாளில் 5000 காசுகள் சேர்ந்தன. நோயாளிகள் பலரும் குணமடைந்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள்.

இதெல்லாம் நடந்ததா என்று கேட்பவர்களுக்கு நாங்கள் அறிந்ததைச் சொல்கிறோம். கல்லைத் தூக்கிய கதையை விரிவாகச் சொல்லும் வரலாறு அடுத்த நூற்றாண்டில் எழுதப்பட்டது. ஆனால் பெனெசே கற்பனை மனிதர் அல்லர். ஓசேர் நகரத்துத் துறவியான ராபர்ட் என்பவர், 1212-இல் மறைந்தவர், தம்முடைய ஆண்டுக் குறிப்பில் இந்த இளைஞர் அவிஞ்ஞோனுக்கு வந்ததையும் பாலம் கட்டத் தொடங்கியதையும் எழுதி வைத்திருக்கிறார். ஏறக்குறைய அதே காலத்தவர் அவர். கல்லை விட்டுவிட்டாலும் ஒரு பெரிய வியப்பு மிஞ்சவே செய்கிறது. படிக்காத, பணமில்லாத, அந்த ஊரைச் சேராத ஒரு பையன் சொன்னதைக் கேட்டு ஒரு நகரமே பணப்பையை அவிழ்த்தது என்பதே அது. எங்களுக்கு ஆண்டு விழாச் சீட்டு விற்கப் போய் வீடுவீடாக ஏறி இறங்கிய அனுபவம் உண்டு. ஆகவே, கல் அசைந்ததைவிட இது கடினமான அற்புதம் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

பெனெசேயைச் சுற்றி ஒரு சகோதரர் கூட்டம் சேர்ந்தது. பாலச் சகோதரர்கள் என்று அவர்களைச் சொல்வார்கள். ஊர் ஊராகச் சென்று தருமம் திரட்டுவது, வேலையை மேற்பார்ப்பது, ஆற்றங்கரையிலே ஒரு விடுதி அமைத்து ஏழைகளுக்கும் பயணிகளுக்கும் இடம் கொடுப்பது ஆகியவை அவர்கள் பணி. பாலம் கட்டுவது அந்நாளில் அறப்பணியாகவே மதிக்கப்பட்டது. பசித்தவனுக்கு உணவிடுவதைப்போல, வழிப்போக்கனை ஆற்றில் சாகாமல் காப்பதும் புண்ணியமாயிற்று. பாப்பரசருக்கு இலத்தீன் மொழியில் வழங்கும் பட்டங்களில் ஒன்றான பொந்திஃபெக்ஸ் என்பதற்கே பாலம் கட்டுபவர் என்று சொற்பொருள் கூறுவார்கள்.

எட்டு ஆண்டுகள் வேலை நடந்தது. 1185-இல் பாலம் அக்கரையைத் தொட்டது. ஆனால் பெனெசே அதைப் பார்க்கவில்லை. 1184-இல், இருபது வயதை எட்டினாரோ இல்லையோ என்ற பருவத்தில், அவர் இறந்துபோனார். இந்த வரியைப் படித்தபோது வகுப்பில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பாலத்தின்மேலேயே ஒரு சிற்றாலயம் எழுப்பி அங்கே அவரை அடக்கம் செய்தார்கள். கடந்துபோகும் ஒவ்வொருவரும் அவர் கல்லறையைத் தாண்டித்தான் போகவேண்டும்.

இனி பாலத்தின் கதை. அவர் வாழ்வு இருபது ஆண்டு என்றால் அவர் பாலத்தின் வாழ்வு ஐந்நூறு ஆண்டு. அதில் பெரும்பகுதி இடிந்ததும் கட்டியதுமே.

முதல் இடி மனிதரால் வந்தது. 1226-இல் பிரான்சு மன்னர் எட்டாம் லூயி பெரும்படையோடு தெற்கே வந்தார். அவிஞ்ஞோன் மக்கள் வழிவிட மறுத்தார்கள். மூன்று மாதம் முற்றுகையிட்டு நகரைப் பணியவைத்த மன்னர், மதில்களை இடிக்கச் சொன்னார். பாலத்தின் பெரும்பகுதியும் இடிக்கப்பட்டது. சில வாரங்களில் அவரும் நோயுற்று இறந்தார். அவர் மகன்தான் நாம் வணங்கும் புனித லூயி. ஒரு புனிதரின் பாலத்தை இன்னொரு புனிதரின் தகப்பனார் இடித்தார் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

1234 முதல் மறுபடியும் கட்டத் தொடங்கினார்கள். பெனெசே காலத்துப் பாலம் கல் தூண்களின்மேல் மரத்தளம் போட்டதாகவே இருந்திருக்கும் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். இப்போது முழுவதும் கல்லாலே எழுந்தது. 22 கண் பாலம் அது. நீளம் ஏறக்குறைய 900 மீட்டர். அகலமோ ஐந்து மீட்டர்கூட இல்லை. எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிட்டால் ஒருவர் பாடு திண்டாட்டம்தான். தீவின் வழியாக ஆற்றின் இரு கிளைகளையும் கடந்து அது அக்கரைக்குப் போயிற்று.

கல் வளைவு எப்படி நிற்கிறது என்று எங்கள் விஞ்ஞான ஆசிரியையிடம் கேட்டோம். முதலில் தூணுக்குத் தூண் மரத்தாலே வளைவாகச் சாரம் கட்டவேண்டுமாம். ஆப்பு வடிவமாகச் செதுக்கிய கற்களை இரு பக்கத்திலிருந்தும் அதன்மேல் அடுக்கிக்கொண்டே வந்து உச்சியில் கடைசிக் கல்லை இறுக்கிவிட்டால், பிறகு சாரத்தை எடுத்துவிடலாம். ஒவ்வொரு கல்லும் தன் பாரத்தால் பக்கத்துக் கல்லை நெருக்குகிறது. அந்த நெருக்கமே அதைத் தாங்குகிறது. ஆனால் அதே நெருக்கம் தூணையும் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டேயிருக்கும். இந்தப் பக்கத்துக் கண் தள்ளுவதை அந்தப் பக்கத்துக் கண் எதிர்த்துத் தள்ளுவதால் தூண் நிமிர்ந்து நிற்கிறது. நடுவிலே ஒரு கண் விழுந்துவிட்டால் பக்கத்திலிருப்பதற்கும் ஆபத்து. தூணின் முகத்தைப் படகின் முனைபோலக் கூராகக் கட்டி நீரைக் கிழிக்கச் செய்வார்கள். அப்படியும் வெள்ளம் தூணைச் சுற்றிச் சுழித்து அடிமண்ணை அரித்துக்கொண்டு போய்விடும். மேலே கல் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் காலடி மண் போனால் என்ன செய்வது? ஆசிரியை கரும்பலகையில் படம் போட்டு விளக்கியபின் நாங்கள் ஐந்து பேர் கைகோத்து வளைவாக நின்று சோதித்துப் பார்த்தோம். நடுவில் நின்றவள் சிரித்துவிட்டதால் எல்லாரும் விழுந்தோம்.

பாலத்தின் பொற்காலம் 14-ஆம் நூற்றாண்டு. 1309-இல் பாப்பரசர் ஐந்தாம் கிளமெந்து அவிஞ்ஞோனுக்கு வந்து தங்கினார். 1377 வரை ஏழு பாப்பரசர்கள் அங்கிருந்தே திருச்சபையை ஆண்டார்கள். 1348-இல் ஆறாம் கிளமெந்து அந்த நகரத்தையே அரசி யோவான்னாவிடமிருந்து 80,000 பொற்காசுக்கு விலைக்கு வாங்கினார். ஊருக்குள் இடம் போதாமல் கர்தினால்மார் பலர் அக்கரையிலே மாளிகை கட்டிக்கொண்டார்கள். அவர்கள் வந்துபோகும் வழி சின்ன ஆசீர்வாதத்தின் பாலம். இன்று நிற்கும் வளைவுகள் அந்தக் காலத்தில், 1345-ஐ ஒட்டி, புதுப்பித்துக் கட்டப்பட்டவை. 1376-இல் சியன்னா நகரத்துப் புனித கத்தரீனம்மாளும் அவிஞ்ஞோனுக்கு வந்தார். சாயத்தொழிலாளி ஒருவரின் மகள், இருபத்தொன்பது வயதுப் பெண், பாப்பரசர் பதினொன்றாம் கிரகோரியாரை உரோமைக்குத் திரும்பும்படி வற்புறுத்த வந்தவர். அந்தப் பாலத்தை அவர் கண்ணால் கண்டிருப்பார் என்பதில் ஐயமில்லை. ஆயரிடம் துணிந்து பேசிய இடையனின் கல்லறை இருந்த ஊரில், பாப்பரசரிடம் துணிந்து பேச ஒரு பெண் வந்தது பொருத்தமாகவே இருக்கிறது.

மேற்குக் கரையில் பிரான்சு மன்னர் அழகிய பிலிப்பு ஏற்கெனவே ஒரு கோபுரம் கட்டிப் பாலத்தின் வாயிலைத் தம் கண்காணிப்பில் வைத்திருந்தார். அவிஞ்ஞோன் பாப்பரசருக்கு, ஆறோ மன்னருக்கு என்று ஆயிற்று. இப்படி இரு வீட்டுக்குப் பொதுவான சுவர்போல இருந்த பாலத்துக்குப் பழுது பார்க்கும் செலவு வரும்போது, அது யார் தலையில் என்ற கேள்வி எழுவது இயல்புதானே!

வெள்ளங்களின் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1603-இல் ஒரு கண் விழுந்தது. 1605-இல் இன்னும் மூன்று. வெகுநாள் கழித்துச் செப்பனிட்டார்கள். 1633-இல் அதுவும் போய் மேலும் இரண்டு கண்களும் போயின. விழுந்த இடங்களில் மரப்பலகை போட்டுச் சமாளித்துப் பார்த்தார்கள். 1669-இல் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு இனி முடியாது என்று கைவிட்டுவிட்டார்கள். சிற்றாலயமும் விழுந்துவிடுமோ என்று அஞ்சி, 1670-இல் பெனெசேயின் பெட்டியைத் திறந்தபோது ஐந்நூறு ஆண்டுக்குப் பின்னும் உடல் அழியாதிருந்தது என்று பதிவு செய்திருக்கிறார்கள். 1674-இல் அதை நகரத்துக்குள் செலெஸ்தீன் துறவிகளின் ஆலயத்துக்குப் பவனியாகக் கொண்டுபோனார்கள். பிரெஞ்சுப் புரட்சியில் அதுவும் சிதறியது. எஞ்சிய சிறிதளவு இன்று புனித திதியே ஆலயத்தில் இருக்கிறது.

எங்களுக்கு இதிலே ஒரு மனக்கஷ்டம் உண்டு. மறைக்காமல் எழுதிவிடுகிறோம். இறைவனே கேட்டுக் கட்டச்சொன்ன பாலம் என்றால் அது ஏன் நிற்கவில்லை? படத்தில் நாம் பார்க்கும் வளைவுகளில் ஒன்றுகூட அவர் காலத்தது அல்ல. அவர் சுமந்த கல் எங்கே என்று யாரும் காட்ட முடியாது. அவர் எலும்பும் முழுதாக மிஞ்சவில்லை. மறைக்கல்வி வகுப்பில் இதைக் கேட்டோம். அருட்சகோதரி உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள் வந்து, அவிஞ்ஞோனுக்கு மேலே அதே ரோன் ஆற்றில் தூய ஆவியார் பாலம் என்று ஒன்று இருப்பதைச் சொன்னார். 1265-இல் தொடங்கி 1309-இல் முடிந்த கல்பாலம். அதையும் பெனெசே வழியிலே ஒரு சகோதரர் சபைதான் தருமம் திரட்டிக் கட்டி நடத்தியது. நாள்தோறும் பதின்மூன்று பேர் வேலை செய்ய, மாலையில் கூலி வாங்கப் பன்னிரண்டு பேர்தான் வருவார்களாம். பதின்மூன்றாமவர் தூய ஆவியார் என்று கதை. அந்தப் பாலம் வண்டிகள் ஓட இன்றும் நிற்கிறது. இது எங்கள் கேள்விக்கு முழு விடை ஆகுமா என்று தெரியவில்லை. ஆனால் எங்கள் தோழி, ஐந்நூறு வருஷம் ஜனங்கள் ஓடக்கூலி இல்லாமல் கடந்தார்களே, அது போதாதா என்று எங்களையே திருப்பிக் கேட்டாள்.

இப்போது அவிஞ்ஞோனில் அந்தப் பாலத்தின் நான்கு கண்களே மீதி இருக்கின்றன. கரையிலிருந்து புறப்பட்டு, புனித நிக்கோலாஸ் பெயரால் அமைந்த சிற்றாலயத்தைத் தாண்டி, நடு ஆற்றில் திடுமென நின்றுவிடுகிறது. நிக்கோலாஸ் படகோட்டிகளின் பாதுகாவலர். பாலத்தால் பிழைப்பை இழந்தவர்களுக்கும் பாலத்தின்மேலேயே ஓர் ஆலயம் கிடைத்தது பாருங்கள். 1995-இல் பாப்பரசர் மாளிகையோடு சேர்த்து இதையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ நிறுவனம் ஏற்றுக்கொண்டது. உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து, எங்கும் போகாத அந்தப் பாலத்தில் நடந்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

அந்தப் பாட்டைப்பற்றியும் சொல்லிவிடுகிறோம். இத்தனை குறுகலான பாலத்தில் வட்டமாக ஆட இடம் ஏது? உண்மையில் மக்கள் ஆடியது பாலத்தின் அடியில், தீவின் புல்தரையில் என்கிறார்கள். பாலத்தின் அடியில் என்று இருந்த பாட்டு, காலப்போக்கில் பாலத்தின்மேல் என்று மாறிவிட்டதாம். 1853-இல் அதோல்ஃப் ஆதாம் என்னும் இசையமைப்பாளர் அதைத் தம் நாடகத்தில் சேர்த்தபின் நாடெங்கும் பரவியது. பாட்டில் பெனெசேயின் பெயர் வருவதே இல்லை.

இந்த ஆண்டு விழாவுக்காகப் பாலர் வகுப்புக் குழந்தைகளுக்கு அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு எங்களுக்கு வந்தது. ஒத்திகைக்கு முன்னால் படத்தைக் காட்டி, ஆடு மேய்த்த பையனின் கதையைச் சொன்னோம். படத்தை உற்றுப் பார்த்த ஒரு குழந்தை, பாலம் பாதியில் நிற்கிறதே, அந்தப் பக்கம் போகிறவர்கள் எப்படிப் போவார்கள் அக்கா என்று கேட்டாள். பக்கத்திலேயே வேறு பாலம் கட்டியிருக்கிறார்கள் என்று சொன்னோம். சரி என்று தலையாட்டிவிட்டு, கை கோக்க ஓடிப்போனாள்.